டவுன்லோட் திருவிழாவுக்கு நண்பனோடு ஒரு நாள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாட்டிங்ஹாமில் வேலை பார்க்கிறேன். மே மாதம் பாதி தாண்டியதும் இங்குள்ள தமிழ் நண்பர்கள், லண்டனில் இருப்பவர்கள், புதிதாகப் படிக்க வந்த பிள்ளைகள் என்று பலரும் வாட்ஸ்அப்பில் கேட்க ஆரம்பித்துவிடுவார்கள். ஒரு நாள் மட்டும் போகலாமா, எப்படிப் போவது, அந்தக் கூட்டத்தில் பயமாக இருக்காதா என்று. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிவந்த பதில்களைச் சேர்த்து எழுதிவைத்திருக்கிறேன். கல்லூரி விடுதியில் ஒரே அறையில் இருந்த நண்பனும் நானும் சேர்ந்து போய்வந்ததில் தெரிந்துகொண்டவை இவை.

டவுன்லோட் என்பது என்ன? எங்கே நடக்கிறது?

இங்கிலாந்தின் லெஸ்டர்ஷயரில் காசில் டொனிங்டன் என்ற சிற்றூரை ஒட்டி டொனிங்டன் பார்க் கார் பந்தய மைதானம் இருக்கிறது. அங்கே ஜூன் மாதத்தில் நடக்கும் ராக், மெட்டல் இசைத் திருவிழா இது. நாட்டிங்ஹாம், டெர்பி, லெஸ்டர் மூன்று ஊர்களுக்கும் நடுவில். பக்கத்திலேயே ஈஸ்ட் மிட்லண்ட்ஸ் விமான நிலையம் இருப்பதால், பாட்டு நடந்துகொண்டிருக்கும்போதே தலைக்கு மேல் விமானம் தாழ்ந்து இறங்கும்.

கார் பந்தயம் பார்ப்பவர்களுக்கு இந்த இடம் வேறு வகையில் தெரிந்திருக்கும். 1993ல் கொட்டும் மழையில் அயர்ட்டன் சென்னா ஜெயித்த ஐரோப்பிய கிராண்ட் பிரீ இங்கேதான் நடந்தது. ராக் ரசிகர்களுக்கோ இது 1980லிருந்தே புனித மண். அந்த ஆண்டு ஆகஸ்டில் 'மான்ஸ்டர்ஸ் ஆஃப் ராக்' என்ற பெயரில் ஒரு நாள் விழா தொடங்கியது. முதல் ஹெட்லைனர், அதாவது கடைசியாக மேடையேறும் முக்கியக் குழு, ரெயின்போ. ஏசி/டிசி 1981, 1984, 1991 என்று மூன்று முறை வந்தார்கள். 1996ல் அந்த விழா நின்றுபோனது. 2003ல் அதே மண்ணில் டவுன்லோட் பிறந்தது. அயர்ன் மெய்டன் அந்த முதல் ஆண்டிலும், பிறகு 2007, 2013, 2016, 2022லும் ஹெட்லைனராக வந்தார்கள். 2013ல் அவர்கள் மேடையேறுவதற்குச் சற்று முன்பு இரண்டாம் உலகப் போர்க்கால ஸ்பிட்ஃபயர் விமானம் ஒன்று கூட்டத்தின் மேலே பறந்து போனது. அன்று அங்கே நின்றவர்கள் இன்றும் அதைப் பற்றிப் பேசுகிறார்கள்.

ஒரு நாள் போதுமா? கூடாரம் போட்டுத் தங்கினால்தான் அனுபவம் என்கிறார்களே?

முதல் தடவை போகிறவர்களுக்கு ஒரு நாள்தான் சரி என்பேன். ஒரு நாள் டிக்கெட் தனியாக விற்பார்கள். கூடாரத்தில் தங்குவது தனிச் சுகம்தான், ஆனால் மூன்றாம் நாள் உடம்பு சொல்வதைக் கேட்காது. ஒரு நாள் போகிறவர் காலையில் குளித்து, வயிறாரச் சாப்பிட்டு, புதுக் காதோடு போகிறார்.

எந்த நாளுக்குப் போவது என்று முடிவு செய்யும்போது எல்லோரும் ஹெட்லைனர் பெயரை மட்டும் பார்க்கிறார்கள். நீங்கள் மதியம் 1 மணியிலிருந்து மாலை 6 மணி வரை யார் யார் வாசிக்கிறார்கள் என்று பாருங்கள். ஹெட்லைனர் இரண்டு மணி நேரம். மிச்சமுள்ள எட்டு மணி நேரத்தையும் நீங்கள்தான் அங்கே கழிக்க வேண்டும்.

நண்பன்தான் மெட்டல் பைத்தியம். எனக்கு ஒன்றுமே தெரியாது. நான் போகலாமா?

தாராளமாகப் போகலாம். நானும் அப்படித்தான் போனேன்.

2009ல் ஸ்வீடன் நாட்டு மெட்டல் குழுவான ஓபெத் சென்னை ஐ.ஐ.டி.யின் சாரங் விழாவுக்கு வந்தது. அதுவரை நான் கேட்டதெல்லாம் இளையராஜா, ரஹ்மான். அறைத்தோழன் விடாப்பிடியாக இழுத்துக்கொண்டு போனான். முதலில் பாடகர் அடித்தொண்டையிலிருந்து உறுமியபோது, இதைக் கேட்கவா இவ்வளவு தூரம் வந்தோம் என்றிருந்தது. பிறகு அதே பாட்டு நடுவில் அடங்கி, ஒற்றை கிதாரும் மென்மையான குரலுமாக மாறியது. மறுபடி உறுமல் வந்தபோது அது கோபமாகத் தோன்றவில்லை, துக்கமாகத் தோன்றியது. பக்கத்தில் திரும்பிப் பார்த்தால் அவன் கண்ணை மூடிக்கொண்டு நின்றான். ஒருவனை இத்தனை ஆண்டு தெரிந்தும் அந்த முகத்தை நான் பார்த்ததே இல்லை. அதற்காகவே அடுத்த கச்சேரிக்கும் போனேன், அதற்கடுத்ததற்கும்.

எனவே உங்களுக்கு ஒரே ஒரு ஆலோசனை. போவதற்கு இரண்டு வாரம் முன்பு, அன்று வாசிக்கும் குழுக்களில் நண்பருக்குப் பிடித்த நான்கைந்து எவை என்று அவரிடம் கேட்டு, குழுவுக்கு இரண்டு பாட்டு வாங்கி, பஸ்ஸில் போகும்போது கேளுங்கள். ராக் கச்சேரியில் ஒலி அடர்த்தியாக வரும். முன்பே கேட்ட பாட்டென்றால் மனசு அதைப் பிடித்துக்கொள்ளும், கேட்காததென்றால் வெறும் இரைச்சலாகப் போய்விடும். நம் சபாக்களில் தெரிந்த கீர்த்தனைக்குத் தலை தானாக ஆடுவது போலத்தான்.

டெல்லியைச் சேர்ந்த பிளட்டிவுட் குழு 2022ல் இதே டவுன்லோடில் வாசித்தது. மின்கிதார்களோடு டோல் மேளமும் உண்டு, பாட்டு இந்தி, பஞ்சாபி, ஆங்கிலம் கலந்தது. 'எனக்கு மெட்டல் ஒத்துவராது' என்று சொல்லும் நம் ஆட்களுக்கு முதலில் கொடுக்க நல்ல குழு. தோல் கருவியின் அடி நமக்குப் பழகியதுதானே.

ஒரே நேரத்தில் நான்கு மேடையில் நடக்கிறதாமே? எதைப் பார்ப்பது?

ஏபெக்ஸ், ஓபஸ் என்று இரண்டு திறந்தவெளி மேடைகள். அவலாஞ்ச், டாக்டூத் என்று கூடாரத்துக்குள் இரண்டு. முதன்முறை வருகிறவர்கள் பென்சிலும் நேர அட்டவணையுமாக உட்கார்ந்து பத்துப் பன்னிரண்டு குழுக்களை வட்டமிட்டுக்கொண்டு வருவார்கள். மாலை 4 மணிக்குள் கால் கெஞ்சும். எல்லாவற்றையும் பாதிப் பாதி பார்த்த திருப்தியின்மைதான் மிஞ்சும்.

நாங்கள் வைத்திருக்கும் கணக்கு ஐந்து. அவனுக்கு இரண்டு, எனக்கு இரண்டு, இருவருக்கும் தெரியாத ஒன்று. அவன் தேர்ந்த குழுவுக்கு நான் முகம் சுளிக்காமல் முழுதாக நிற்க வேண்டும், என்னுடையதற்கு அவனும். பாதியில் 'போலாமா மச்சான்' என்று கேட்கக் கூடாது. இந்த ஒப்பந்தத்தைக் காரில் போகும்போதே போட்டுவிடுவோம். தெரியாத ஐந்தாவது குழுவைச் சிறிய கூடார மேடையில் தேடுவோம். எனக்கு மிகவும் பிடித்துப்போன இரண்டு குழுக்களை அப்படித்தான், மழைக்கு ஒதுங்கி நுழைந்த கூடாரத்தில் கண்டெடுத்தேன்.

கூட்டத்தில் பிரிந்துவிட்டால்?

பிரிவீர்கள். ஒருவர் கழிப்பறைக்குப் போவார், ஒருவர் தண்ணீருக்குப் போவார், திரும்பி வரும்போது நின்ற இடம் அடையாளம் தெரியாது. எல்லோரும் கறுப்பு டிஷர்ட். 'கறுப்புச் சட்டை போட்டவர்' என்று யாரிடமும் விசாரிக்கவும் முடியாது.

ஒரு வருடம் நாங்கள் எந்த இடமும் பேசிவைத்துக்கொள்ளவில்லை. போன் இருக்கிறதே என்ற தைரியம். பல்லாயிரம் பேர் ஒரே நேரத்தில் போனை எடுத்தால் நெட்வொர்க் திணறும் என்று இருவருக்கும் தோன்றவில்லை. இருவரும் கணினித் துறையில் இருப்பவர்கள் வேறு. மாலை 7 மணிக்குப் பிரிந்தோம். நான் அனுப்பிய செய்தி அவனுக்குப் போய்ச் சேர்ந்தபோது இரவு மணி பத்தேகால். எந்தக் குழுவைப் பார்க்க இருவரும் மாதக்கணக்கில் காத்திருந்தோமோ, அதைத் தனித்தனியாகப் பார்த்தோம். எனக்குப் பிடித்த பாட்டு வந்தபோது கை தானாகப் பக்கத்தில் இருப்பவனின் தோளைத் தேடியது. அங்கே யாரோ ஒரு பெரியவர் நின்றார். பாட்டு நன்றாகத்தான் இருந்தது, ஆனால் அன்று வீடு வரும்வரை மனசு ஆறவில்லை.

அதிலிருந்து உள்ளே நுழைந்ததும் முதல் வேலை சந்திக்கும் இடம் குறிப்பதுதான். மேடைக்கு அருகில் வேண்டாம், அங்கே கூட்டம் ஏற ஏற நெருங்க முடியாது. எல்லோரும் சொல்லும் நுழைவாயிலும் வேண்டாம். மைதானத்தின் ஓரத்தில், உயரமாக, இருட்டிலும் தெரிகிற ஒன்றாக இருக்கட்டும். நாங்கள் பெரும்பாலும் ஏதாவது ஒரு சாப்பாட்டுக் கடையின் பலகையைச் சொல்லிவைப்போம். இடம் மட்டும் போதாது, நேரமும் வேண்டும். பிரிந்தால் அடுத்த முழு மணிக்கு அங்கே, வரவில்லையென்றால் அதற்கடுத்த முழு மணிக்கு. பேச முயல்வதைவிடக் குறுஞ்செய்தி அனுப்புவது மேல். நெட்வொர்க் கொஞ்சம் விடுபட்டாலும் அது போய்விடும். நண்பரின் எண்ணை ஒரு துண்டுத் தாளில் எழுதிப் பையில் வையுங்கள். நம்மில் யாருக்கும் இப்போது எந்த எண்ணும் மனப்பாடமாகத் தெரியாது.

காதடைப்பான் கட்டாயமா? பாட்டுக் கேட்கத்தானே போகிறோம்?

கட்டாயம். இந்தப் பக்கத்தில் வேறெதையும் படிக்காவிட்டாலும் இதைப் படியுங்கள்.

இரைச்சலான இடங்களில் வேலை செய்பவர்களுக்காக வகுத்த பாதுகாப்புக் கணக்கு ஒன்று உண்டு. 85 டெசிபல் என்றால் நாளுக்கு எட்டு மணி நேரம் தாங்கலாம். அதற்குமேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகக் குறையும். 88 என்றால் நான்கு மணி, 91 என்றால் இரண்டு. இப்படியே போனால் 100 டெசிபலுக்குக் கால் மணி நேரம்தான், அதாவது மூன்று நான்கு பாட்டு. ராக் மேடைக்கு முன்னால் 100 டெசிபல் என்பது சாதாரணம். உலக சுகாதார அமைப்பு 2022ல் இசை அரங்குகளுக்கென்று வெளியிட்ட வழிகாட்டுதலில் கால் மணி நேரச் சராசரி 100 டெசிபலைத் தாண்டக் கூடாது என்றுதான் சொன்னது. அங்கே நீங்கள் நிற்கப்போவது பத்து மணி நேரம்.

உள்காதில் ஒலியை வாங்கும் மெல்லிய மயிரணுக்கள் செத்தால் மறுபடி முளைக்காது. என் நண்பனுக்கு இடது காதில் ஓயாமல் 'கீ' என்று ஒரு சத்தம். பழைய கச்சேரி ஒன்றில் ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் வெறும் காதோடு நின்றதிலிருந்து. பகலில் தெரியாது, இரவில் வீடு அடங்கியதும் தொடங்கும். மின்விசிறி ஓடாமல் அவனுக்குத் தூக்கம் வராது. இங்கிலாந்துக் குளிரில் மின்விசிறி போட்டுக்கொண்டு தூங்குகிறவனை நினைத்துப் பாருங்கள்.

மருந்துக்கடையில் கிடைக்கும் பஞ்சு வகையும் காக்கும், ஆனால் உயர்ந்த ஸ்வரங்களை அதிகமாக அமுக்கிவிடும். பாட்டு போர்வைக்குள் கேட்பது போல் இருக்கும். இசைக்கலைஞர்களுக்கென்று வடிகட்டி வைத்துச் செய்தவை 20 பவுண்டுக்குள் கிடைக்கும். எல்லா ஒலியையும் ஏறக்குறைய ஒரே அளவில் இறக்கும். சொன்னால் நம்பமாட்டீர்கள், அதைப் போட்டுக்கொண்டு கேட்டால்தான் பாஸ் கிதார் தனியாக, பாட்டின் வார்த்தை தனியாகத் தெரியும். முதல் குழுவுக்கு முன்பே போடுங்கள். காது 'ங்ங்' என்ற பிறகு போட்டுப் பயனில்லை.

எங்கே நின்றால் நன்றாகக் கேட்கும்?

மேடைக்கு எதிரே, கூட்டத்தின் நடுவில் ஒலி அமைப்பாளர்கள் உட்காரும் கூடாரம் ஒன்று இருக்கும். அதற்குச் சற்று முன்போ பின்போ. ஒலியைச் சரிசெய்கிறவர் தன் காதுக்குக் கேட்பதை வைத்துத்தானே சரிசெய்கிறார்? அவர் பக்கத்தில் நின்றால் அவர் கேட்பதே நமக்கும்.

இன்னும் பின்னால் தனியாகக் கோபுரங்களில் ஸ்பீக்கர் தொங்கும். ஒலி நொடிக்கு சுமார் 340 மீட்டர்தான் போகும். மேடையிலிருந்து 100 மீட்டர் தள்ளி நிற்பவரை அது வந்தடைய ஏறத்தாழ 0.3 நொடி. அதனால் அந்தக் கோபுர ஸ்பீக்கர்களுக்கு வேண்டுமென்றே அதே அளவு தாமதம் கொடுத்திருப்பார்கள், இரண்டும் ஒன்றாக வந்து சேரட்டும் என்று. நண்பன் எனக்கு இதை ஒவ்வொரு வருடமும் புதிதாகச் சொல்வதுபோல் சொல்வான், நானும் கேட்டுக்கொள்வேன்.

மோஷ் பிட் என்கிறார்களே, அடிதடியா?

பார்க்க அப்படித்தான் இருக்கும். பாட்டு வேகமெடுக்கும்போது கூட்டத்தின் நடுவே ஒரு வட்டம் திறக்கும், உள்ளே இருப்பவர்கள் ஒருவர்மேல் ஒருவர் மோதிக்கொள்வார்கள், சில நேரம் வட்டமாக ஓடுவார்கள். ஆனால் யாராவது விழுந்தால் அடுத்த நொடியே நாலு கை அவரைத் தூக்கிவிடும். ஷூ கழன்றால் அதை உயர்த்திப் பிடித்து 'யாருடையது' என்று கத்துவார்கள். எழுதாத சட்டம் அது. விருப்பமில்லாதவரை யாரும் இழுப்பதில்லை. வட்டம் திறக்கத் தொடங்கும்போதே பத்தடி பக்கவாட்டில் நகர்ந்துவிட்டால் போதும்.

பயப்பட வேண்டியது வேறொன்றுக்கு, நெரிசலுக்கு. 1988ல் இதே டொனிங்டனில் கன்ஸ் அண்ட் ரோஸஸ் வாசித்துக்கொண்டிருந்தபோது, மழையில் நனைந்த சரிவில் கூட்டம் முன்னால் சரிந்து இரண்டு இளைஞர்கள் இறந்துபோனார்கள். அன்று வந்திருந்தவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். அடுத்த ஆண்டு விழாவே நடக்கவில்லை. 2000ல் டென்மார்க்கின் ராஸ்கில்ட் விழாவில் பேர்ல் ஜாம் குழு வாசித்த மேடைக்கு முன்னால் ஒன்பது பேர் இறந்தார்கள். இப்போது தடுப்புகள், காவலர்கள், கூட்ட எண்ணிக்கை எல்லாவற்றிலும் கவனம் கூடியிருக்கிறது. என்றாலும் உங்கள் உடம்பை நீங்களும் கவனியுங்கள். மார்புக்கு முன்னால் கையை உயர்த்த முடியாத அளவுக்கு நெருக்கினால், பாட்டு எவ்வளவு பிடித்ததாக இருந்தாலும் நண்பரின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியேறுங்கள். தள்ளுகிற அலையை எதிர்க்காமல், அது தளரும் நேரம் பார்த்துப் பக்கவாட்டில் குறுக்காக நகர வேண்டும்.

பெண்கள் போகலாமா? நம் நிறத்தில் ஆட்கள் குறைவாக இருப்பார்களே?

பெண்கள் நிறையப் பேர் வருகிறார்கள், அறுபது வயதுத் தம்பதிகளும் வருகிறார்கள். கூட்டத்தில் யாராவது தப்பாகக் கை வைத்தால் பொறுத்துக்கொள்ள வேண்டாம். தடுப்புக்குப் பின்னால் நிற்கும் காவலரிடம் உடனே சொல்லுங்கள். நம் ஆட்கள் குறைவுதான், அது உண்மை. அங்கே நிறத்தைப் பற்றி யாரும் என்னிடம் பேசியதில்லை. போட்டிருந்த டிஷர்ட்டைப் பார்த்து 'நல்ல குழு' என்று கை குலுக்கியவர்கள் பலர்.

மழை பெய்தால்?

நனைவீர்கள். 2012லும் 2016லும் சேறு முழங்காலைத் தொட்டது. ரசிகர்கள் விழாவின் பெயரையே 'மூழ்கு' என்ற பொருள் வரும்படி திரித்து வைத்தார்கள். குடை பிடித்தால் பின்னால் நிற்பவருக்கு மறைக்கும், ஆகவே தலைமூடியுள்ள மழைக்கோட்டு. ரப்பர் பூட்ஸ் வாங்க ஓடாதீர்கள். கார் நிறுத்துமிடத்திலிருந்து நெடுந்தூரம் நடந்தால் அது குதிகாலை உரித்துவிடும். கணுக்கால் மூடிய, தண்ணீர் புகாத, ஏற்கெனவே போட்டுப் பழகிய நடை பூட்ஸ் சிறந்தது. காரில் ஒரு ஜோடி காய்ந்த சாக்ஸ்.

மழை இல்லாவிட்டால் வெயிலைப் பற்றி யோசியுங்கள். ஜூனில் இரவு ஒன்பதரை வரை சூரியன் இருக்கும். 'மதுரை வெயில் பார்த்தவன் நான்' என்று தொப்பி இல்லாமல் வந்து தலைவலியில் சுருண்டவர்களைத் தெரியும். அதே நாள் இரவு பத்து டிகிரிக்குக் கீழே இறங்கும். ஒரு ஸ்வெட்டர் இடுப்பில் கட்டியிருக்கட்டும்.

சாப்பாடு?

சைவம் தாராளமாகக் கிடைக்கும். ஒரு வேளைக்கு 10 பவுண்டைத் தாண்டும். ரொக்கத்தை நம்ப வேண்டாம், கார்டுதான். வெறும் பாட்டில் ஒன்று எடுத்துப் போனால் குழாயில் நிரப்பிக்கொள்ளலாம். எந்தப் பாட்டில், எவ்வளவு பெரிய பை என்பதை அந்த வருட விதிகளில் பார்த்துவிடுங்கள். பீர் குடிக்கிறவர் ஒவ்வொரு கோப்பைக்கும் ஒரு பாட்டில் தண்ணீர் என்று வைத்துக்கொண்டால் ஹெட்லைனரை நினைவில் வைத்திருப்பார். சின்ன முகமாக இருந்தால் வயதுச் சான்று கேட்பார்கள்.

லண்டனிலிருந்து ரயிலில் போய் அன்றிரவே திரும்ப முடியுமா?

போவது எளிது. செயின்ட் பாங்கிராஸிலிருந்து ஈஸ்ட் மிட்லண்ட்ஸ் பார்க்வே வரை சுமார் ஒன்றரை மணி நேரம், அங்கிருந்து பஸ். திரும்புவதுதான் சிக்கல். கடைசிக் குழு முடிய ஏறத்தாழ 11 மணி ஆகும், அதற்கப்புறம் லண்டனுக்கு ரயில் பிடிக்கலாம் என்று கணக்குப் போடாதீர்கள். கடைசி மூன்று பாட்டை விட்டுவிட்டு ஓடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும். நாட்டிங்ஹாமிலோ டெர்பியிலோ லெஸ்டரிலோ தெரிந்தவர் வீட்டில் படுத்து மறுநாள் போங்கள். ஓட்டல் என்றால் மாதக்கணக்கில் முன்பே பதிவு செய்ய வேண்டும்.

காரில் போனால் எப்போது வீடு சேரலாம்?

ஓட்டுகிறவர் அன்று ஒரு சொட்டும் தொடக் கூடாது, அது முதலில். நாங்கள் வருடம் மாற்றி வருடம் ஓட்டுவோம். காலையில் நிறுத்தும்போதே பக்கத்திலுள்ள கொடி, கம்பம், எண் எதையாவது போட்டோ எடுத்துவையுங்கள். இரவில் அந்தப் புல்வெளியில் எல்லாக் கார்களும் ஒரே நிறம்.

வெளியேற ஒரு மணி நேரமோ இரண்டு மணி நேரமோ ஆகலாம். எஞ்சினை முறுக்கிக்கொண்டு வரிசையில் முண்டிப் பயனில்லை. காலையில் புளியோதரை செய்து டப்பாவில் அடைத்துக் காரின் பின்பக்கம் நிழலில் வைத்துவிட்டுப் போவோம். வெயிலுக்கும் கெடாது. சேறு அப்பிய பூட்ஸைக் கழற்றி, காய்ந்த சாக்ஸ் மாட்டி, காதடைப்பானை எடுத்ததும் உலகம் அவ்வளவு அமைதியாக இருக்கும். முன்னால் சிவப்பு விளக்குகள் நகராமல் நிற்கும். அப்போதுதான் அவன் அன்றைக்குக் கேட்டதைப் பற்றிப் பேச ஆரம்பிப்பான். இரண்டு ஸ்பூன் மறக்காமல் எடுத்துவையுங்கள், நாங்கள் ஒரு முறை மறந்துவிட்டு டப்பா மூடியால் அள்ளிச் சாப்பிட்டோம்.